குழாய்க்குள் போன மெழுகு

மழைக்குப் பாசி பிடித்திருந்த பாடசாலைப் படியில் வழுக்கி விழுந்து வலது கணுக்காலை முறித்துக்கொண்டேன். மாத்தளை ஆஸ்பத்திரியில் முழங்கால் வரைக்கும் பிளாஸ்டர் போட்டு, ஆறு வாரம் காலை நிலத்தில் ஊன்றக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். பதினெட்டு வருடமாகக் கணக்குப் படிப்பிக்கிறவன் நான். அத்தனை நாள் சேர்ந்தாற்போல் வீட்டில் இருந்ததே இல்லை. முதல் வாரம் சுகமாகத்தான் போனது. பத்திரிகையை மரண அறிவித்தல் வரைக்கும் விடாமல் வாசித்தேன். இரண்டாவது வாரம், எதிர்ச் சுவரில் பல்லி எத்தனை தரம் குறுக்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் ஒரு மாடிவீட்டின் மேல்பகுதியில் வாடகைக்கு இருக்கிறோம். டவுனுக்கு நடந்து போகலாம். கீழே ஒரு முஸ்லிம் குடும்பம். அவருக்கு டவுனில் ஒரு சின்னக் கடை. அவருடைய மனைவிக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். ஒரே மகள். நாங்கள் குடிவந்து ஒரு வருடம் ஆகியும், வாசலில் கண்டால் சிரிப்பதோடு சரி. எங்கள் மகன் படிப்புக்காகக் கொழும்பில் இருந்தான். ஆகவே மேல்வீட்டில் நானும் மனைவியும் மட்டும்தான்.

மனைவி, நாலந்தா போகிற வழியில் உள்ள ஒரு ஹோட்டலில் அறைகளைத் துப்புரவாக்கும் பகுதிக்குப் பொறுப்பாக இருக்கிறாள். காலை ஆறரை பஸ்ஸில் போனால் திரும்பி வர மாலை ஐந்து ஐந்தரை ஆகும். அப்படி ஒரு மாலையில் கைப்பையிலிருந்து இரண்டு கண்ணாடிக் குவளைகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். கனமான, அடி தடித்த கண்ணாடி. உள்ளே ஒரு விரல் உயரத்துக்கு மெழுகு மிச்சமிருந்தது.

"ரூமுக்கு ரூம் வைக்கிற மெழுகுதிரிங்க. திரி எரிஞ்சி முடிஞ்சா குப்பைக்குத்தான் போகுது. மெனேஜர்கிட்ட கேட்டேன், எடுத்துக்கங்கன்னாரு."

மூக்கருகே வைத்துப் பார்த்தேன். கறுவா வாசனை. மாத்தளைக்கு வந்து இறங்குகிறவர்களுக்குக் கறுவா மணக்கிற மெழுகுதிரி ஏற்றி வைக்கிறார்கள். ஹோட்டல் வேலிக்கு அந்தப் பக்கம் கறுவா மரமே நிற்கிறது என்று சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"கழுவி எடுத்தா மிளகு, கராம்பு போட்டு வைக்கலாம். நீங்க சும்மாதானே இருக்கீங்க, கொஞ்சம் சுரண்டி வைங்களேன்."

சும்மாதானே என்ற சொல் சுருக்கென்று பட்டது. உண்மையாக இருந்ததால் இன்னும் கொஞ்சம் கூடவே பட்டது. குவளைகளை என் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் பாணுக்கு மார்ஜரின் பூசுகிற கத்தியால் தொடங்கினேன். மேலே உள்ள மெழுகு சீவல் சீவலாக வந்தது. அடியில் இருந்தது அசையவில்லை. கத்தி முனையை ஓரத்தில் கொடுத்து நெம்பியபோது குவளை இரண்டாகப் பிளந்தது. கை தப்பியது. உடைந்த துண்டுகளைப் பத்திரிகையில் சுற்றிக் குப்பை வாளிக்குள் அடியில் வைத்து, மேலே வாழைப்பழத் தோலைப் போட்டேன். மாலையில் வந்தவள், "ஒன்னுதான் இருக்கு, மத்தது?" என்று கேட்டாள். உடைந்துவிட்டது என்று சொல்வதற்கு எனக்கு இரவுச் சாப்பாடு முடிகிற வரைக்கும் நேரம் எடுத்தது.

பிறகு வெந்நீர் முறைக்கு வந்தேன். குவளையை முதலில் இளஞ்சூட்டு நீரில் வைத்துப் பழக்கி, பிறகு கொதிநீரை ஊற்றினால் மெழுகு கலங்கி, கரைந்து, மேலே எண்ணெய்போல வந்து நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பிடித்திருந்தது. குசினியில் சிங்குக்குப் பக்கத்தில் ஒரு கதிரை, பிளாஸ்டர் காலை நீட்டி வைக்க ஒரு முக்காலி, அடுப்பில் கேத்தல். மெழுகு மிதந்ததும் தண்ணீரோடு சேர்த்துச் சிங்கில் சரிப்பேன். ஒரு சுழி சுழித்து இறங்கிப் போய்விடும். குவளையை வழித்துத் துடைத்தால் பளிங்குபோல வந்துவிடும்.

மனைவி முதல் குவளையை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். "அட, நல்லா வந்திருக்கே!" என்றாள். காலை உடைத்துக்கொண்ட பிறகு என்னை யாரும் பாராட்டியதாக நினைவில்லை. மறுநாள் மூன்று கொண்டுவந்தாள். அதற்கு மறுநாள் ஐந்து. பத்துப் பன்னிரண்டு நாளில் இருபதுக்கு மேல் கழுவி வரிசையாக அடுக்கிவிட்டேன். இறங்கிப் போகிற மெழுகு எங்கேயாவது போய் நின்று இறுகத்தானே வேண்டும் என்று கணக்கு வாத்தியாருக்குத் தோன்றவே இல்லை.

ஒரு காலை, மனைவி வேலைக்குப் போன பிறகு, பின்பக்கமிருந்து குரல் கேட்டது.

"சேர்! சேர்!"

ஊன்றுகோல்களை எடுத்துக்கொண்டு பின் பல்கனிக்குப் போனேன். கீழ்வீட்டு அக்கா கையில் விளக்குமாறோடு முற்றத்தில் நின்றார். உடுப்பின் கரை நனைந்திருந்தது.

"ஒங்கட சிங்குல தண்ணி ஒழுங்கா போகுதா சேர்? எங்கட குசினி முழுக்கத் தண்ணி. சிங்குக்குள்ளால மேல வருது."

அந்த நேரம் கேத்தல் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. நாலு குவளை மெழுகை ஊற்றிவிட்டு அப்போதுதான் எழுந்து வந்திருந்தேன்.

"இங்க ஒன்னும் இல்லையே அக்கா," என்றேன். "மழைக்கு மண்ணு ஏதும் அடைச்சிருக்கும்."

"அப்பிடியும் ஈக்கும்," என்றார். உடனே நம்பிவிட்டார். "இன்டைக்குத்தான் மாப்புள வீட்டாக்கள் வாராங்க, கலியாண நாள் பேச. அவசரத்துக்குப் பைப் பாஸ் ஆம்புடுவாரோ தெரியா."

உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்தேன். கீழே வாளியால் தண்ணீர் அள்ளிக் கொட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. விடை பிழைத்தாலும் பரவாயில்லை, செய்கையை அழிக்காமல் காட்டு என்று பிள்ளைகளுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன். அடுப்பை அணைத்தேன். திரும்பப் போய்க் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் எழுந்தேன். இரண்டு தரமும் உட்கார்ந்துவிட்டேன். விரல்களிலெல்லாம் கறுவா மணத்தது.

பத்து மணிபோலப் பாஸ் வந்தார். எங்கள் தெருவில் யாருக்குக் குழாய் வேலை என்றாலும் அந்தச் சிங்களப் பாஸ்தான். எங்கள் சிங்கிலிருந்து வரும் குழாய் வெளிச்சுவரோடு இறங்கி, கீழ்வீட்டுக் குசினிக்கு வெளியே ஒரு முழங்கை வளைவில் அவர்களுடைய குழாயோடு சேர்கிறது. அவர் கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தார். கம்பி போகவில்லை. வாளால் வளைவை அறுத்துக் கழற்றினார். நான் பல்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள மனம் வரவில்லை.

திருப்புளியால் நோண்டி, பாஸ் ஒரு பொருளை முழுசாக வெளியே இழுத்தார். கிட்டத்தட்ட ஒரு சாண் நீளம். குழாயின் வளைவு அப்படியே இருந்தது. வெள்ளையும் மண்ணிறமும் மஞ்சளுமாகப் படை படையாக இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேக்க இட்டி நே!" என்றார். இது மெழுகு அல்லவா என்று சிங்களத்தில். பிறகு மூக்கருகே கொண்டுபோனார். "குருந்து சுவந்தய்!"

கறுவா மணக்கிறதாம். அவர் நிமிர்ந்து மேலே பார்த்தார். அக்காவும் பார்த்தார். குசினிக் கதவில் நின்ற மகளும் பார்த்தாள்.

"அக்கா, அது நான்தான்," என்றேன். "மெழுகுதிரிக் கிளாஸ் கழுவுன தண்ணிய ஊத்திட்டேன். காலைல நீங்க கேட்டப்ப பொய் சொல்லிட்டேன்."

முதலில் மகளுக்குத்தான் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். அக்கா சிரிக்கவில்லை.

"மெழுகு ஊத்தினது காரியமில்ல சேர். கேட்ட நேரம் சொல்லி ஈந்தா நான் வேற எடம் பாக்காம நேர பாஸுக்குப் போன்ல கோல் எடுத்திருப்பேன். ரெண்டு மணித்தியாலமா முத்தத்துல மண்ணக் கிண்டுறேன்."

சொல்லிவிட்டு உள்ளே போனார். அப்போதுதான் கண்டேன். வெளியே கழிவுநீர் போகிற கானின் மூடியைக் கழற்றி, சேற்றை அள்ளி ஓரமாகக் குவித்து வைத்திருந்தார். நான் சொன்ன மண்ணைத் தேடித்தான் அவ்வளவும். பாஸ் புது வளைவைப் பொருத்திவிட்டு, அந்த மெழுகுத் துண்டை எடுத்துக்கொள்ளட்டுமா என்று என்னைக் கேட்டார். வாள் அலகில் தேய்த்தால் மரம் லேசாக அறுபடுமாம். தாராளமாக என்றேன்.

மாலையில் மனைவி செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"பைப்பு அடைக்கிறது எந்த வீட்லதான் இல்ல," என்றாள். "அந்த அக்காகிட்ட ஏன் பொய் சொன்னீங்க?"

"வாய்ல வந்துருச்சி."

அவள் கைப்பையை வைத்தாள். அப்படியே கீழே இறங்கிப் போனாள். ஒரு மணித்தியாலமாகியும் வரவில்லை. வந்தபோது கையில் ஒரு தட்டு, அதில் இரண்டு துண்டு வட்டிலப்பம், முகத்தில் அடக்க முடியாத சிரிப்பு.

"மாப்பிள வீட்டு ஆளுங்க வந்தப்ப குசினிப் பக்கமே கறுவா வாசமாம். அந்தப் பொம்பள ஆளுங்க, என்ன ஸ்பெஷலா சமைச்சிருக்கீங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்களாம். நல்லபடியா பேசி முடிச்சிட்டாங்க. மூனு வாரத்துல கலியாணம்."

"அக்கா இன்னும் கோவமா?"

"கோவம்தான். ஆனா வட்டிலப்பம் தந்தாங்க."

இன்னொரு சேதியும் கொண்டுவந்திருந்தாள். மெழுகைக் கரைக்கவே தேவையில்லை என்று கீழ்வீட்டு மகள் சொன்னாளாம். குளிரில் வைத்தால் மெழுகு சுருங்கித் தானாகக் கழன்று வருமாம், போனில் பார்த்திருக்கிறாள். கடையில் விற்கிற இனிப்பு ஐஸ் பக்கெட்டுகளைப் போட்டு வைக்க அவர்கள் வீட்டுப் பின் விறாந்தையில் ஒரு பெரிய ஃப்ரீசர் இருந்தது. அதில் வைத்துத் தருகிறாளாம்.

நான் படி இறங்க முடியாது. மனைவி காலையிலேயே போய்விடுவாள். ஆகவே மறுநாள் மரக்கறி வாங்கும் பிரம்புக் கூடையில் நைலோன் கயிறு கட்டி, நாலு குவளையைத் துணியில் சுற்றி வைத்து, பல்கனியிலிருந்து மெல்ல இறக்கினேன். மகள் கீழே நின்று வாங்கிக்கொண்டாள். மூன்று மணித்தியாலம் கழித்து, "சேர், இழுங்க!" என்று சத்தம் கொடுத்தாள்.

குவளைகள் வெள்ளையாகப் பனி பூத்திருந்தன. ஒன்றைக் கவிழ்த்து உள்ளங்கையால் அடியில் தட்டினேன். டொக் என்று ஒரு சத்தம். மெழுகு முழு வட்டமாக, திரியைப் பிடித்திருந்த தகரத்தோடு சேர்ந்து என் மடியில் விழுந்தது. "வந்துருச்சி!" என்று கத்திவிட்டேன். கீழே மகள் கைதட்டினாள்.

அதன் பிறகு வேலை ஓர் ஒழுங்குக்கு வந்தது. காலையில் கூடை இறங்கும், மத்தியானம் ஏறும். கழன்ற மெழுகு ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் போகும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் மிச்சத்தைப் பத்திரிகைத் தாளால் துடைத்தெடுத்த பிறகுதான் தண்ணீர். அதுவும் ஒரு பிளாஸ்டிக் பேசினில், சவர்க்காரத் தூளோடு. அந்தத் தண்ணீரை ஆறவிட்டு, மேலே படிகிற ஆடையைக் கரண்டியால் எடுத்து, பழைய சாரத் துணியால் வாளிக்குள் வடித்து வைப்பேன், மாலையில் மனைவி கொண்டுபோய் வெளியே கொட்டுவாள். சிங்கில் ஒரு சொட்டு விடுவதில்லை. வெளியே ஒட்டிய லேபலுக்குத் தேங்காயெண்ணெய் பூசி ஒரு மணித்தியாலம் வைத்தால் பசை இளகிவிடும். கடைசியில் குவளைகள் பல்கனிச் சுவரில் வெயில் காயும். என்ன செய்தாலும் கறுவா வாசனை மட்டும் கொஞ்சம் நின்றது.

மகள் என்னோடு கலகலப்பாகப் பேசினாள். அக்கா பேசவில்லை. முற்றத்தில் உடுப்புக் காயப் போடும்போது நிமிர்ந்து பார்ப்பார், தலையை ஆட்டுவார், போய்விடுவார். நானும் கூப்பிட்டுப் பேசத் துணியவில்லை.

ஐந்தாம் ஆறாம் நாள் இருக்கும். கூடை ஏறும்போது வழக்கத்தைவிடக் கனத்தது. குவளைகளுக்கு நடுவில் இறுக மூடிய ஒரு சில்வர் டப்பா, துவாயில் சுற்றியிருந்தது. தொட்டால் சுட்டது. எட்டிப் பார்த்தேன். அக்காதான் கீழே நின்றார்.

"ஆட்டுக்கால் சூப் சேர். முறிஞ்ச காலுக்கு நல்லம். சூட்டோட குடிங்க."

"எதுக்கு அக்கா இதெல்லாம்..."

"மிச்சம் ஈந்தா சிங்குக்கு மட்டும் ஊத்திராதீங்க!"

அவரே சிரித்துவிட்டார். எனக்குக் கண் கலங்கியது. சூப்பில் மிளகு காரம், அதனால் என்று சொல்லலாம்தான். ஆனால் டப்பாவை நான் இன்னும் திறந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து பேச்சு வளர்ந்தது. நான் மேலே துடைத்துக்கொண்டு, அவர் கீழே அரிசி புடைத்துக்கொண்டு. மாப்பிள்ளைக்கு ஊர் யட்டவத்தைப் பக்கம் என்றார், நல்ல பிள்ளை, கொஞ்சம் வெட்கம் கூட. மகள் இல்லாமல் வீடு எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. கலியாணத்துக்கு வருகிற பெண்களுக்குக் கையில் எதையாவது கொடுத்தனுப்ப வேண்டும், என்ன கொடுப்பது என்று யோசனை. மகளுக்குத்தான் அந்த எண்ணம் வந்தது.

"சேர்ட கிளாஸுக்கு ஏலக்கா, கராம்பு, கறுவாப்பட்டை போட்டுக் குடுத்தா என்ன உம்மா?"

அக்கா மேலே பார்த்தார். "அம்பது மட்டுல வேணுமே. ஏலுமா சேர்?"

ஏலும் என்றேன். என்னிடம் ஒரு பொருளைக் கேட்டு ஒருவர் காத்து நிற்பது எவ்வளவு நன்றாக இருந்தது என்று சொல்லி முடியாது. மனைவி ஹோட்டலில் கூட வேலை செய்கிறவர்களிடமும் சொல்லிவைத்து, ஒவ்வொரு நாளும் பை நிறையக் கொண்டுவந்தாள். ஏற்கெனவே மிளகும் கராம்பும் நிரப்பியிருந்தவற்றையும் அவளே தட்டில் கொட்டிக் காலி பண்ணினாள்.

பிளாஸ்டர் வெட்டிய நாளுக்கு மறுநாள், மெலிந்து வெளிறிப்போன காலோடு, ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கினேன். ஒரு வருடத்துக்கு மேலாக அந்த வீட்டுக்கு மேலே இருந்தும், அன்றுதான் முதல் தடவையாக உள்ளே போனேன். ஹோலில் பாய் விரித்து, ஐம்பத்திரண்டு குவளைகளும் வரிசையில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமையானதால் மனைவியும் வந்திருந்தாள். எனக்குக் கதிரை போட்டார்கள். அக்கா கறுவாப்பட்டையை அளவாக முறித்தார். மகள் பச்சைச் சாட்டின் துணியை வட்டமாக வெட்டினாள். மனைவி அதைக் குவளை வாயில் போர்த்திப் பொன்னிற நூலால் கட்டினாள். ஏலக்காய் எண்ணிப் போடுகிற வேலை எனக்கு.

"கணக்கு சேர்தானே," என்றாள் மணப்பெண். "ஒவ்வொன்டுக்கும் பத்து. கூடக் குறையக் கூடாது."

பன்னிரண்டாவது குவளையில் பதினொன்று போட்டுவிட்டேன். அவள் கண்டுபிடித்துவிட்டாள். அதற்கு நாலு பேரும் சிரித்த சிரிப்பில், கடையிலிருந்து வந்த அவளுடைய வாப்பா, என்ன ஏது என்று தெரியாமலே தானும் சேர்ந்து சிரித்தார்.

கலியாணத்தன்று நான் ஆண்கள் பக்கம் காலை ஒரு கதிரையில் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். பெண்கள் பக்கம் நடந்ததை மனைவிதான் வந்து சொன்னாள். எல்லாரும் முதலில் துணிக்கு மேலாலேயே முகர்ந்து பார்த்தார்களாம். வெளியே வந்தபோது, வான் ஒன்றில் ஏறக் காத்திருந்த ஐந்தாறு பெண்களின் கைகளில் அந்தக் குவளைகளை நானும் கண்டேன். ஒரு சின்னப் பிள்ளை தன்னுடையதைக் காதருகே வைத்துக் குலுக்கிக்கொண்டிருந்தது.

நான் இப்போது பாடசாலைக்குப் போய்வருகிறேன். மழை நாளில் கணுக்கால் கொஞ்சம் நோகும், அவ்வளவுதான். மனைவி இப்போதும் வாரத்துக்கு ஐந்தாறு குவளை கொண்டுவருகிறாள். மாலையில் அவற்றோடு கீழே இறங்கிப் போவேன். அக்கா பிளேன்டீ ஊற்றித் தருவார். மகள் இல்லாத வீட்டில் அவருக்கும் பேச ஆள் வேண்டியிருக்கிறது.

போன வாரம் மகள் யட்டவத்தையிலிருந்து கோல் எடுத்தாள். அக்கா போனை என்னிடம் நீட்டினார்.

"சேர், மாமி அந்தக் கிளாஸ்ல இப்ப சீனி போட்டு வச்சிருக்காங்க. இன்னும் எட்டு கிடைக்குமான்னு கேக்கச் சொன்னாங்க. அதே வாசத்தோட வேணுமாம்."

வாசனைக்கு உத்தரவாதம் இல்லை, குவளைக்கு உண்டு என்றேன். ஐந்து வெயிலில் காய்ந்துவிட்டன. மூன்று, ஐஸ் பக்கெட்டுகளுக்கு நடுவில் குளிர்ந்துகொண்டிருக்கின்றன.